கிரிம்ராக்: எலும்புக்கூட்டுப் படையைத் தாண்ட முடியவில்லை. தொடரலாமா, புதிதாகத் தொடங்கலாமா?

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். நாலு பேர் குழுவை நிலவறைக்குள் கட்டம் கட்டமாக நடத்திச் செல்லும் கணினி விளையாட்டு 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்', அதன் முதல் பாகம் தள்ளுபடியில் கிடைத்தது. தேசிய சேவையில் இருப்பதால் வார இறுதியில் வீட்டுக்கு வரும்போதுதான் லேப்டாப்பில் விளையாட முடிகிறது. முன்வரிசையில் ஒரு மினோட்டார் (காளைத்தலை மனிதன்), ஒரு மனிதன், இருவரும் ஃபைட்டர் (நேரடிச் சண்டைக்காரர்). பின்வரிசையில் பல்லிமனித ரோக் (தந்திரச் சண்டைக்காரன்), பூச்சியின மேஜ் (மந்திரவாதி). ஈட்டியும் கேடயமுமாக அணிவகுத்து வரும் எலும்புக்கூடுகள் முன்வரிசையைச் சாய்த்துவிடுகின்றன. ரோக் கையில் கத்தி இருந்தும் பின்னால் நின்றால் எட்டவில்லை. மேஜுக்கு நெருப்பு, பனி, மண் என்ற மூன்று மந்திரப் பிரிவிலும் கொஞ்சம் கொஞ்சம் திறன் புள்ளி போட்டிருக்கிறேன். கதையும் நகர்வதாகத் தெரியவில்லை. இதை ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்?

ஈசூன்_ஆந்தை:
தம்பி, நேருக்கு நேர் நின்று அடி வாங்காதீங்க. இது முறை வைத்து அடிக்கும் ஆட்டம் இல்லை, எல்லாம் அந்தந்த நொடியில் நடக்கிறது. எதிரி திரும்ப நேரம் எடுக்கும். அடித்தவுடன் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகருங்க, அது உங்கள் பக்கம் திரும்புவதற்குள் விலாவில் இன்னொன்று. இப்படியே சதுரமாகச் சுற்றி வரணும். அதற்குத் திறந்த இடம் வேண்டும், அதனால் குறுகிய வழியில் பார்த்தால் பின்வாங்கி முந்தைய அறைக்கு இழுத்து வாங்க. ரோக்குக்குக் கத்தியை விட்டு எறிகத்தியோ வில்லோ கொடுங்க. எறிந்ததைப் பொறுக்கும் வேலை இருக்கும், பரவாயில்லை. ஒரு சந்தேகம்: மவுஸ் வைத்திருக்கீங்களா?

தெம்பனிஸ்வாசி:
இல்லை அண்ணே, டச்பேட்தான்.

ஈசூன்_ஆந்தை:
பாதிப் பிரச்சினை அதுதான்! ஆயுதத்தை ரைட் கிளிக் செய்யணும், மந்திரத்துக்கு ஒன்பது ரூன்களில் (மந்திரக் குறிகளில்) சரியானவற்றை ஒவ்வொரு தடவையும் தொடணும். ஓடிக்கொண்டே டச்பேடில் இதெல்லாம் நடக்காது. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு சாதாரண மவுஸ் வாங்குங்க.

பழைய_அட்டாரி:
அவர் சொன்ன சுற்றும் வித்தைதான் என் பார்வையில் இந்த ஆட்டத்தின் பெரிய பலவீனமும். பழகியபின் முக்கால்வாசி எதிரிகளுக்கு அதே நடனம். பேச ஆள் இல்லை, உரையாடல் இல்லை, கதை என்றால் தூங்கும்போது வரும் கனவுகளும் அங்கங்கே கிடைக்கும் குறிப்புகளும்தான். பல தளங்களுக்கு ஒரே கற்சுவர், கண் சலித்துப் போகும்.

ஆனால் புதிர்கள் இருக்கே! சுவரில் ஒரு கல் மட்டும் லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். அழுத்தினால் ரகசிய அறை. அழுத்துத்தட்டு, படுகுழி, நொடியில் வேறிடத்துக்குக் கடத்தும் டெலிபோர்ட்டர் எல்லாவற்றையும் கலந்து கட்டியிருக்கிறார்கள், கட்டங்களை எண்ணி நடக்க வைக்கும். 1987-ல் அட்டாரி எஸ்டி கணினியில் வந்த 'டஞ்சன் மாஸ்டர்' பரம்பரை இது. பின்லாந்தின் அல்மோஸ்ட் ஹ்யூமன் என்ற சின்னக் குழு 2012-ல் அதை அப்படியே உயிர்ப்பித்தது. சண்டைக்காக மட்டும் வாங்கியிருந்தால் ஏமாற்றம்தான்.

போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியில்லை. மூன்று மந்திரப் பிரிவில் சிதறியிருந்தால் புதிதாகத் தொடங்குவதே மேல்.

ஈசூன்_ஆந்தை:
அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இனி வரும் புள்ளி எல்லாம் நெருப்புக்கே என்று முடிவு செய்தால் போதும், இன்னும் எத்தனையோ தளம் இருக்கு. தெரிந்த புதிரை மறுபடி போடுவதுதான் இந்த ஆட்டத்தில் பெரிய தண்டனை.

தெம்பனிஸ்வாசி:
சரி, மவுஸ் வாங்கிவிட்டு அதே குழுவோடு முயல்கிறேன். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு ஓய்வெடுக்கலாமா? சாப்பாடு தீர்ந்துவிடும் என்று பயமாக இருக்கு.

பழைய_அட்டாரி:
ஓய்வெடுக்கும்போதும் பசி ஏறும். நீலப் படிகம் பக்கத்தில் இருந்தால் முதலில் அதைத் தொடுங்க, செத்தவனும் எழுந்துவிடுவான். அது மறுபடி ஒளிர நேரம் எடுக்கும், அதுவரை ரகசியச் சுவர் தேடுங்க. நத்தையைக் கொன்றால் இறைச்சியை விட்டுவிடாதீங்க.