கேஸ் நடக்கும்போதே ஏ1-ஐ வெட்டிட்டாங்க, இனி எங்க கேஸ் என்னாகும்?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம்ங்க. சில வருஷம் முன்னாடி எங்க சித்தப்பாவ தேயிலைத் தோட்டத்து வழித்தகராறுல கொன்னுட்டாங்க. மூணு பேர் மேல (ஏ1, ஏ2, ஏ3னு குற்றம் சாட்டி) கொலை கேஸ், ஊட்டி செஷன்ஸ் கோர்ட்ல ஓடிட்டு இருக்கு. சித்திதான் கண்ணால பாத்த சாட்சி, குறுக்கு விசாரணைல அழ வெச்சு அனுப்பிட்டாங்க ஆனா சொன்னதுல இருந்து அவங்க மாறல. இப்ப பாத்தா ஜாமீன்ல இருந்த ஏ1-ஐ மேட்டுப்பாளையம் பக்கம் யாரோ வெட்டிப் போட்டுட்டாங்க. அவனுக்கு வட்டி கொடுக்கல் வாங்கல் பிரச்சனையும் நிறைய உண்டு. ஆனா ஊர்ல எல்லாம் எனக்கு கை குடுக்கறாங்க, "சாமி பாத்துக்கிச்சு"ங்கறாங்க, போலீஸும் வீட்டுக்கு வந்து அன்னைக்கு ராத்திரி எங்கடா இருந்தேனு கேட்டுட்டு போயிட்டாங்க. கேஸ் அவ்ளோதானா? சித்தி சொன்ன சாட்சியம் வீணா?

பனிமூட்டம்:
விடுங்க ப்ரோ, ஒருத்தன் ஒழிஞ்சான். நாக்பூர்ல 2004ல பல பொம்பளைங்கள பலாத்காரம் பண்ணின ரவுடி அக்கு யாதவ கோர்ட்டுக்குள்ளயே பொம்பளைங்க கூட்டமா சேந்து முடிச்சாங்களே, கடைசில எல்லாரும் விடுதலைதான.

காக்காதோப்பு வக்கீல்:
பனிமூட்டம், அந்த விடுதலை வந்தது 2014ல. பத்து வருஷம் அவங்க கொலை கேஸ்ல அலைஞ்சாங்க, அதையும் சேத்து எழுதுங்க.

தம்பி, கேஸ் முடியல. செத்தவன் மேல இருக்கற குற்றச்சாட்டு மட்டும் அத்துப்போகும், போலீஸ் அவனோட இறப்பு சான்றிதழ கோர்ட்ல தாக்கல் பண்ணுவாங்க, ஜட்ஜ் பதிவு பண்ணிட்டு ஏ2, ஏ3 மேல விசாரணைய தொடருவாரு. சித்தி சொன்னது ரெக்கார்டுல அப்படியே நிக்கும். ஆனா ஏ1 குற்றவாளினும் தீர்ப்பு வராது, நிரபராதினும் வராது, உங்களுக்கு கை குடுக்கறவங்களுக்கு இதெல்லாம் புரியாது. இனி ஏ2 வக்கீல் என்ன பண்ணுவாருன்னா வெட்டினதெல்லாம் ஏ1, எங்காளு சும்மா பக்கத்துல நின்னாருனு மொத்தத்தையும் பொணத்து மேல தள்ளுவாரு, செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லைனு சொல்லவா போறான். அதுக்குத்தான் ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 34வது பிரிவு இருக்கு, பொது நோக்கத்தோட சேந்து செஞ்சிருந்தா வெட்டினவனுக்கு உள்ள பொறுப்பு பிடிச்சுக்கிட்டவனுக்கும் உண்டு. யார் கையப் பிடிச்சா, யார் வழிய மறிச்சானு சித்தி என்ன சொல்லியிருக்காங்கனு சாட்சிய நகல் வாங்கிப் படிங்க. படிச்சுட்டு அரசு வக்கீல நேர்ல போய் பாருங்க, போன்ல பேசறது வேலைக்கு ஆகாது.

கூடலூர் ரோடு:
வக்கீல் சார் சொல்றது சரி. கொடநாடு கேஸையே பாருங்க, 2017 ஏப்ரல்ல காவலாளி கொலையாகி சில நாள்லயே போலீஸ் முக்கிய ஆளுனு சொன்ன கனகராஜ் ஆத்தூர் கிட்ட ரோடு விபத்துல செத்துட்டாரு. அது திட்டம் போட்டதுனு நான் சொல்ல வரல, ஆனா அந்தாள கூண்டுல ஏத்தி கேக்க வேண்டிய கேள்விய இனி யார்கிட்ட போய் கேப்பாங்க? 2024 டிசம்பர்ல திருநெல்வேலி கோர்ட் வாசல்லயே வாய்தாவுக்கு வந்த ஒருத்தர பட்டப்பகல்ல வெட்டினாங்க, பழிக்குப் பழினு போலீஸ் சொன்னாங்க, ஐகோர்ட்டே தானா முன்வந்து எடுத்துச்சு. இப்படி பழி வாங்கினா வெட்டினவன் ஜெயிலுக்கு, அவன் பக்க கேஸுக்கும் நஷ்டம்தான்.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றிங்க சார். அன்னைக்கு நான் டீ ஃபேக்டரில நைட் ஷிஃப்ட், இலை வாட்டற எடத்துல இருந்தேன். கொழுந்து சீசன், வெளிய வரவே நேரமில்ல. இது போதுமா? சித்தி வேற ஏ2 ஆளுங்க இனி நம்ம மேல பாய்வாங்கனு வெளியவே வர மாட்டேங்கறாங்க.

காக்காதோப்பு வக்கீல்:
வருகைப் பதிவேட்டு நகலும் கேட் கேமரா பதிவும் இன்னைக்கே எடுத்து வைங்க, கேமரால பழசு தானா அழிஞ்சிடும். போலீஸ் மறுபடி கூப்ட்டா எழுத்துல சம்மன் கேளுங்க, வக்கீலோட போங்க, ஏ1 செத்தது சந்தோஷம்னு வாட்ஸ்அப்ல எங்கயாவது எமோஜி போட்டிருந்தா கூட அதையும் முதல்ல வக்கீல்கிட்ட சொல்லிடுங்க, அழிக்காதீங்க. சித்திக்கு சாட்சி பாதுகாப்பு கேட்டு மனு போடலாம், 2018ல சுப்ரீம் கோர்ட்டே ஏத்துக்கிட்ட திட்டம் அது. இழப்பீடு இதுவரைக்கும் வாங்கலைனா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல கேளுங்க, அதுக்கு தண்டனை ஆகியே தீரணும்னு கட்டாயம் இல்ல. அடுத்த வாய்தா என்னைக்குங்க?