டேக் கொஸ்டின்: ‘ஹேஸ்’ வந்தால் எது சரி?

கேள்வி: ‘ஷீ ஹேஸ் எ கார்’ என்பதற்கு டேக் (ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் ‘இல்லையா?’ என்பதுபோல ஒட்டும் குட்டிக் கேள்வி) ‘ஹேஸன்ட் ஷீ’யா, ‘டஸன்ட் ஷீ’யா?

பதில் 1: ‘டஸன்ட் ஷீ’ போடுங்கள். இங்கே ஹேஸ்தான் முதன்மை வினை. துணைவினை இல்லாததால் டஸ் வருகிறது. ‘ஹேஸன்ட் ஷீ’ பழைய பிரிட்டிஷ் வழக்கு. ‘ஷீ ஹேஸ் ஈட்டன்’ என்றால் ஹேஸ் துணைவினை, அங்கே ‘ஹேஸன்ட் ஷீ’தான்.

பதில் 2: பலர் சறுக்கும் இடம் வேறு. நோபடி, நெவர், ஹார்ட்லி இருந்தால் ‘நாட்’ இல்லாமலே வாக்கியம் எதிர்மறை. எதிர்மறை வாக்கியத்துக்கு டேக் நேர்மறையாக வரும்: ‘நோபடி கேம், டிட் தே?’ நோபடிக்கு ‘தே’ என்பதையும் மறக்காதீர்கள்.

பதில் 3: ‘ஐ ஆம் லேட்’டுக்கு ‘ஆரன்ட் ஐ’, ‘லெட்ஸ் கோ’வுக்கு ‘ஷல் வீ’. பேசும்போது குரல் முக்கியம்: டேக்கில் குரல் இறங்கினால் ஆமோதிக்கச் சொல்கிறீர்கள், ஏறினால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறீர்கள்.