ரோஷ்ஃபோர் 10: சாராய நெடிதான் தெரிகிறது, இதை எப்படிக் குடிப்பது?

தென்றல்84:
வணக்கம். வேலை விஷயமாகப் போன மாதம் லூவன் வந்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ரோஷ்ஃபோர் 10 என்ற பீர் இரண்டு பாட்டில் கொடுத்து, பெல்ஜியத்தில் இதைக் குடிக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்றார். நேற்று ராத்திரி ஒன்றை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தண்ணீர் டம்ளரில் முழுசாகக் கவிழ்த்தேன். முதல் வாயிலேயே சாராய நெடி. கடைசியில் சேறு மாதிரி கலங்கலாக ஏதோ விழுந்தது. பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை, தலை கிறுகிறுத்தது. பாட்டில் கெட்டுப்போனதா? இன்னொன்று மிச்சம் இருக்கிறது. அதையும் வீணாக்க மனசில்லை.

நமூர்க்காரன்:
கெட்டுப்போகவில்லை, நம்பிக் குடியுங்கள். நான் பெல்ஜியத்தின் நமூர் நகரில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். ரோஷ்ஃபோர் என்ற ஊர் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்குள்ள சான் ரெமி மடாலயத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மேற்பார்வையில் தயாராகும் பீர் இது. சிவப்பு மூடி 6, பச்சை மூடி 8, உங்களிடம் இருப்பது நீல மூடி 10. அந்த 10 ஆல்கஹால் சதவீதம் அல்ல. புளிக்கவைப்பதற்கு முன் பீருக்கான மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்லும் பழைய பெல்ஜிய அளவு. ஆல்கஹால் 11.3 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம்மூர் 650 மில்லி பாட்டிலில் 5 சதவீத பீரில் இருப்பதைவிட இந்த 330 மில்லியில் ஆல்கஹால் அதிகம். கிறுகிறுக்காமல் என்ன செய்யும்?

நெடி அடித்ததற்குக் காரணம் குளிர். நாலு டிகிரியில் நாக்கு பாதி மரத்துவிடும். பழ வாசனையெல்லாம் அடங்கிப்போய், கசப்பும் காரமும்தான் முன்னால் நிற்கும். மிச்சமிருக்கும் பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். 12 டிகிரி பக்கம் வந்தால் போதும். தண்ணீர் டம்ளர் வேண்டாம். வாய் அகன்ற கோப்பையோ, அது இல்லாவிட்டால் பிராந்தி கிளாஸோ எடுத்து நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றுங்கள். பாட்டிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கலங்கல் கழுத்தை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். அடியில் ஒரு விரல்கடை நின்றுபோகும். நீங்கள் சேறு என்று நினைத்தது ஈஸ்ட். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிப்பதற்காக அடைக்கும்போது விட்டது.

ஊற்றியதும் குடிக்காதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். எனக்கு முதலில் வருவது உலர்திராட்சை, அப்புறம் பேரீச்சை. பத்து நிமிஷம் போனால் கருப்பட்டியைக் காய்ச்சும்போது வருமே, அந்தக் கருகல் இனிப்பு. வாசனை இவ்வளவு கனமாக இருந்தும் குடித்தால் பாகு மாதிரி திகட்டாது. சாறு காய்ச்சும்போது சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் முழுசாகத் தின்றுவிடும், அதனால் வலு ஏறினாலும் பீர் வாயில் லேசாக இருக்கும். சின்ன மடக்காக எடுத்து, நாக்கில் உருட்டி, விழுங்கியதும் மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். எனக்குப் பிடித்தது கடைசிக் கால் கிளாஸ்தான். அறைச் சூட்டுக்கு வந்திருக்கும், தொண்டையில் இறங்கும்போது மிளகு ரசம் மாதிரி இதமாகச் சுடும்.

கோப்பை:
நமூர் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஈஸ்டைக் கொட்டாதீர்கள். இங்கே அதைத் தனியாகச் சின்ன கிளாஸில் ஊற்றிக் குடிப்பவர்கள் நிறைய. ரொட்டி மாவு வாசனையும் லேசான கசப்புமாக இருக்கும். எனக்குப் பிடிக்கும். வயிறு கோளாறு உள்ளவர்கள் வேண்டுமானால் விட்டுவிடலாம்.

இன்னொன்று. இங்கே பீர் இவ்வளவு வலுவாக இருப்பதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மதுக்கடைகளில் ஜின் போன்றவற்றை ஊற்றிக் கொடுக்க 1919ல் தடை போட்டார்கள். அது 1983 வரை இருந்தது. வலுவாகக் குடித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கடைகளில் பீர்தான் கதி.

நமூர்க்காரன்:
சரி, தனி கிளாஸ் என்றால் எனக்கும் சம்மதம். தெளிந்த பீரோடு கலக்க மட்டும் வேண்டாம். கொஞ்சம் பழைய சீஸ் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். குடித்துவிட்டு சைக்கிள்கூட எடுக்காதீர்கள்.

தென்றல்84:
நேற்று சொன்னபடியே செய்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒன்பது மணிக்கு ஊற்றினேன். நுரை இளம்பழுப்பு, காப்பி நுரை மாதிரி. முதலில் பேரீச்சை தெரியவே இல்லை. இருபது நிமிஷம் கழித்துக் கிளாஸை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து மோந்தேன், தெரிந்தது. கருப்பட்டியும் தெரிந்தது. மதுரையில் பாட்டி பணியாரத்துக்குப் பாகு வைக்கும் அடுப்படி ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தேன். முடிக்கும்போது பத்தேகால். ஈஸ்டையும் தனியாகக் குடித்தேன், அது எனக்கு ஒத்துவரவில்லை.

சனிக்கிழமை சிமே நீலம் என்ற இன்னொரு பெல்ஜிய பீர் வாங்கலாம் என்றிருக்கிறேன். அதற்கும் 12 டிகிரிதானா?

நமூர்க்காரன்:
10லிருந்து 12க்குள் வையுங்கள். அது 9 சதவீதம்தான், இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி தாங்கும். 75 சென்டிலிட்டர் பாட்டில் கிடைத்தால் லேபிளில் வருஷம் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். இரண்டு வாங்கி ஒன்றை முதிர்வதற்காக இருட்டான அலமாரியில் இரண்டு மூன்று வருஷம் நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.