‘ஃபிளாஷ்’ செய்தல்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கணினியைத் தாமே பூட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு கையேடு எழுதிவருகிறேன். மதர்போர்டின் பயாஸை, அதாவது கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரலை, புதுப்பிக்கும் இயலில் வண்டி நின்றுவிட்டது. பயாஸ் போலச் சில்லில் பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேருக்கு ‘நிலைபொருள்’ இருக்கிறது, அப்டேட்டுக்கு ‘இற்றைப்படுத்தல்’ இருக்கிறது. புதிய நிலைபொருளைச் சில்லில் ஏற்றும் ‘ஃபிளாஷ் செய்தல்’ என்பதற்குத்தான் கைக்கு அடக்கமான சொல் இல்லை. இதுவரை குறித்து வைத்திருப்பவை: ஒளிர்த்தல், மேலெழுதல், மீள்பொறித்தல். புதுப்பித்தல் பாதியில் முறிந்து பலகை உயிரற்றுப் போவதை ‘பிரிக்’ ஆவது என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

நண்பருக்கு வணக்கம்.

> ஒளிர்த்தல், மேலெழுதல், மீள்பொறித்தல்

முதலாவதை இப்போதே அடித்துவிடுங்கள். ‘பயாஸை ஒளிர்த்துக’ என்று படிப்பவர் பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்றுதான் தேடுவார். பயாஸ் பதிந்திருக்கும் சில்லு ‘ஃபிளாஷ்’ நினைவகம். அதைத் தோஷிபாவில் உருவாக்கியவர் ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் ஒரு மாநாட்டில் அதை அறிவித்தார். ‘ஃபிளாஷ்’ என்ற பெயரைச் சொன்னவர் உடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி. உள்ளிருப்பதெல்லாம் ஒரே வீச்சில் அழிவது அவருக்குக் கேமராவின் பளிச்சிடலை நினைவூட்டியதாம். ஆக, ஒளி வெறும் உவமை. உவமிக்கப்பட்டது அழிப்பு. நாம் உவமையை மொழிபெயர்த்துவிட்டுப் பொருளைக் கோட்டைவிடுகிறோம்.

‘மேலெழுதல்’ என்பது வன்தட்டில் பழைய கோப்பின் மீது புதியதை எழுதுவதற்குப் பொருந்தும். பயாஸ் குடியிருக்கும் சில்லில் அது நடக்கவே நடக்காது. சுண்டுவிரல் நகத்தளவு சில்லு, பெரும்பாலும் எட்டுக் கால்கள், இன்றைய பலகைகளில் 16 அல்லது 32 மெகாபைட். அதில் ஒரு பகுதியை அழித்தால் அங்குள்ள பிட்டுகள் அனைத்தும் 1 ஆகிவிடும். எழுதுவது என்பது வேண்டிய இடங்களில் 1-ஐ 0 ஆக்குவது மட்டுமே. 0 ஆகிவிட்ட ஒரே ஒரு பிட்டை 1 ஆக்க வேண்டுமானாலும், குறைந்தது 4 கிலோபைட் பகுதி முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். எழுத்தாணியால் ஓலையில் கீறுவதைப் போலத்தான்: கீறியதைத் தேய்த்துத் திருத்த வழியில்லை, புது ஓலைதான் எடுக்க வேண்டும். இந்தச் சில்லு பழைய ஓலையையே புது ஓலையாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

அதனால் என் பரிந்துரை ‘அழித்தெழுதல்’. பயாஸை அழித்தெழுதுக, அழித்தெழுதும் கருவி, அழித்தெழுதல் முடிந்தது என்று எல்லா வடிவத்துக்கும் வளைந்து கொடுக்கிறது.

‘மீள்பொறித்தல்’ எனக்கும் பிடித்த சொல்தான். கல்லில் பொறிப்பதன் கம்பீரம் அதில் இருக்கிறது. ஆனால் தட்டச்சில் ஒரு ‘ற’ வழுக்கி ‘ர’ ஆனால் ‘மீள்பொரித்தல்’ ஆகிவிடும். பயாஸை இரண்டாம் முறை எண்ணெயில் போடச் சொல்லும் கையேட்டை யார் நம்புவார்கள்?

வேடிக்கை போகட்டும். சொல்லில் ‘அழித்து’ இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் அந்த இயலில் தரப்போகும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லிலிருந்தே பிறக்கின்றன. பழையது போய்விட்டது, புதியது இன்னும் முழுதாக வரவில்லை என்ற சில நிமிட இடைவெளிதான் ஆபத்து. அந்த நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது என்பதற்காகத்தான் யுபிஎஸ். விண்டோஸுக்குள் இருந்து செய்யாமல் பயாஸ் திரையிலேயே உள்ள கருவியால் செய்யச் சொல்வதும் இதற்காகவே. நடுவில் உறைந்துபோக அங்கே வேறு நிரல்கள் இல்லை. கூட்டி வைத்த கடிகார வேகத்தையும், ரேம் நினைவகத்தை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளையும் முதலில் இயல்புநிலைக்குக் கொண்டுவரச் சொல்வதும் அப்படித்தான். புதிய நிலைபொருள் சில்லில் எழுதப்படுமுன் அந்த ரேமில்தான் தங்குகிறது. அங்கே ஒரு பிட் பிசகினால் சில்லிலும் பிசகே பதியும்.

பலகையின் பெயரை மட்டும் பார்த்துக் கோப்பை இறக்கக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஒரே பெயரில் 1.0, 1.1 என்று பதிப்புகள் இருக்கலாம். அந்த எண் பலகையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு கோப்பு இருக்கக்கூடும். கணினியைப் பூட்டுவதற்கு முன்பே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டிக்குள் போய், மேலே கிராஃபிக்ஸ் அட்டை உட்கார்ந்த பிறகு அதைப் படிக்க டார்ச்சும் வளையும் கழுத்தும் வேண்டும்.

விண்டோஸில் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரை மறந்துவிடாதீர்கள். நிலைபொருள் மாறினால், கணினியின் பாதுகாப்புக் கூறான டிபிஎம் கணக்கிடும் அளவீடுகளும் மாறும். அடுத்த முறை இயக்கும்போது கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும். முன்கூட்டியே பிட்லாக்கரை இடைநிறுத்திவிட்டு, மீட்பு எண்ணை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்வதே பிழைக்கும் வழி.

இனி ‘பிரிக்’. செங்கல் வேண்டாம், ‘கல்லாதல்’ போதும். பலகை கல்லாகிவிட்டது என்றால் விளக்கமே தேவையில்லை. நம் அகலிகையும் கல்லானவள்தான், அவளுக்கு விமோசனமும் கிடைத்தது. இன்றைய பலகைகள் பலவற்றின் பின்புறம் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை ஒன்றுதான். செயலியும் வேண்டாம், நினைவகமும் வேண்டாம். மின்வழங்கியை இணைத்து, ஃபேட்32 முறையில் வடிவமைத்த யுஎஸ்பியில் சரியான பெயரிட்ட கோப்பை வைத்து, அதற்கென்று குறித்த துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் பலகை தானே தன்னை அழித்தெழுதிக்கொள்ளும். அதுவும் இல்லாத பலகைக்குச் சில்லின் கால்களைக் கவ்வும் பிடிப்பானும் வெளிக்கருவியும் உண்டு. ஆனால் சில்லின் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்க்காமல் கவ்வ விட்டால், கல் நிஜமாகவே கல்லாகிவிடும்.

* * *

வணக்கம். ஒரு மாற்றுக் கருத்து.

> அதனால் என் பரிந்துரை ‘அழித்தெழுதல்’

‘அழித்து’ என்று கேட்டதுமே பாதிப் பேர் கணினியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். லினக்ஸில் எஃப்டபிள்யூயுபிடி போன்ற கருவிகள் கோப்பைத் தயார் செய்து, கணினியை மறுதொடக்கம் செய்து, மீதியைப் பயாஸின் இன்றைய வடிவமான யூஇஎஃப்ஐயிடம் ஒப்படைத்துவிடுகின்றன. பயனர் எதையும் அழிக்கவுமில்லை, எழுதவுமில்லை. ‘இற்றைப்படுத்தல்’ ஒன்றே போதாதா?

இன்னொன்று. ‘நிலைபொருள்’ என்கிறோம். நாளுக்கொரு பதிப்பு வரும் பொருளுக்கு நிலை ஏது?

* * *

அன்புடையீர்,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை 1967-இல் ‘டேட்டாமேஷன்’ இதழில் அறிமுகப்படுத்தியவர் ஆஷர் ஓப்லர். அவர் மனத்தில் இருந்தது பயாஸ் அன்று, செயலிக்குள்ளேயே இயங்கும் நுண்கட்டளைகளான மைக்ரோகோட். வன்மைக்கும் மென்மைக்கும் இடைப்பட்டது என்பதே கருத்து; மாறாதது என்பதன்று. இப்போது அந்தச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் மிகை மின்னழுத்தத்தால் தடுமாற்றம் வந்தபோது, 2024-இல் வந்த மைக்ரோகோட் திருத்தங்கள் மதர்போர்டு நிறுவனங்களின் பயாஸ் இற்றைகளாகத்தான் மக்களைச் சேர்ந்தன. ‘நிலைபொருள்’ வேர்விட்டுவிட்ட சொல். பிடுங்கி நட வேண்டாம்.

முதல் கேள்வியில் பாதி உங்கள் பக்கம். பயனர் செய்வது இற்றைப்படுத்தல், அதனுள் சில்லில் நடக்கும் கட்டம் அழித்தெழுதல். தலைப்பில் முன்னது இருக்கட்டும், எச்சரிக்கைப் பெட்டியில் பின்னது வரட்டும். அச்சம் பற்றி மட்டும் உடன்பட மாட்டேன். கொஞ்சம் அச்சம் நல்லது. கோளாறில்லாமல் ஓடும் கணினியில், வெளியீட்டுக் குறிப்பைக்கூடப் படிக்காமல், எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகவே புதிய பயாஸை ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். சில பதிப்புகளுக்குப் பிறகு பழையதற்குத் திரும்பவும் முடியாது. பாதுகாப்புத் திருத்தம் இருக்கிறதா, புதிய செயலி வாங்குகிறோமா, நமக்கு இருக்கும் கோளாறு அந்தக் குறிப்பில் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்று வந்தால் செய்யலாம்.

அச்சம் மிஞ்சிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. டிடிஆர்5 நினைவகத்துடன் பூட்டிய என் கணினியில் பயாஸை அழித்தெழுதினேன். நூறு விழுக்காடு என்று காட்டியது, மறுதொடக்கமும் ஆனது. பிறகு திரை கறுப்பு. விசிறிகள் சுற்றுகின்றன, பலகையில் நினைவகத்துக்கான மஞ்சள் விளக்கு மட்டும் அசையாமல் எரிகிறது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். கை மின்வழங்கியின் சுவிட்ச் வரை போய்விட்டது. ‘கல்லாகிவிட்டது’ என்று வாய்விட்டே சொன்னேன். ஏழாம் நிமிடம் வாக்கில் விளக்கு அணைந்தது, திரையில் நிறுவனச் சின்னம் வந்தது. நடந்தது இவ்வளவே: பழைய அமைப்புகள் அழிந்துவிட்டதால், நினைவகத்துடன் எந்த நேர இடைவெளியில் பேசுவது என்பதைப் பலகை முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. இதைக் கையேட்டில் ஒரு வரியாக எழுதாதீர்கள், தனிப் பத்தியாக எழுதுங்கள். சுவிட்சைத் தட்டாமல் இருக்க அந்தப் பத்திதான் ஆளைக் கட்டிப்போடும்.

* * *

இருவருக்கும் நன்றி.

நேற்று இயலைத் திருத்தி எழுதி, முதன்முதலாகக் கணினி பூட்டும் என் அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். முந்தைய வரைவில் ‘பயாஸை ஃபிளாஷ் செய்க’ என்று இருந்தபோது கேள்வியே கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனவன் அவன். இம்முறை எச்சரிக்கைப் பெட்டியில் நின்றான். “அழித்தெழுதும்போது என்னென்ன அழியும், மாமா? விசிறி வேகமெல்லாம் நான் அமைத்து வைத்திருக்கிறேனே, அதுவும் போய்விடுமா?” என்றான். போகக்கூடும் என்றேன். பயாஸின் ஒவ்வொரு திரையையும் கைப்பேசியில் படமெடுத்துவிட்டுத்தான் வந்தான். எல்லா அமைப்புகளையும் படமெடுத்து வைக்க வேண்டும் என்று நானே எழுத மறந்திருந்தேன், இப்போது சேர்த்துவிட்டேன்.

‘கல்லாதல்’ சொல்லை அவன் கேட்டதுமே பிடித்துக்கொண்டான். அகலிகைக் கதையைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

சொற்பட்டியலில் இரண்டையும் ஏற்றுகிறேன். ‘மீள்பொறித்தல்’ அடைப்புக்குள்கூட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், பொரித்தல் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கடைசி மடலில் வந்த ஏழு நிமிடக் கறுப்புத் திரைக்குத்தான் இன்னும் சொல் இல்லை. ஆங்கிலத்தில் அதைப் ‘பயிற்சி’ என்கிறார்கள். ‘நினைவகப் பயிற்சி’ என்று எழுதினால் ஞாபகசக்தி வகுப்பு விளம்பரம் போல இருக்கிறது. ‘நினைவக இசைவு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், வீணையைச் சுருதி கூட்டுவதை மனத்தில் வைத்து. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.