நோட்டை எடுப்பதற்குள் கிளம்பும் சத்தம்: மூன்று ஆசிரியர்களின் வகுப்பறை அனுபவங்கள்

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மதியம் முதல் பீரியட், அதாவது பிள்ளைகள் விளையாடிவிட்டு வியர்வையோடும் பாதியில் நின்ற சண்டையோடும் உள்ளே வரும் நேரம். நான் பார்த்த வரைக்கும் பாடம் நடக்கும்போது சத்தம் கிளம்புவது குறைவு. "நோட்டை எடுங்க" என்று சொன்னதற்கும் கடைசிப் பிள்ளை எடுத்து முடிப்பதற்கும் நடுவில்தான் கிளம்புகிறது. ஒருவன் பேனாவைத் தேடுவான், ஒருத்தி பக்கத்து பெஞ்சில் தாள் கேட்பாள், நோட்டை எடுத்து வைத்துவிட்ட முப்பது பேர் என்ன செய்வார்கள்? பேசத்தான் செய்வார்கள்.

அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே போர்டில் ஒரு கேள்வி எழுதியிருக்கும். போன வகுப்பில் படித்ததுதான், இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். நான் வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் எழுதியாக வேண்டும், தினமும் இதே வழக்கம். நான் மேசைக்குப் போகாமல் வாசலிலேயே நிற்பேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே விட்டால், யார் அழுதிருக்கிறார்கள், எந்த இரண்டு பேர் முறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த இருவரையும் அன்றைக்கு மட்டும் தள்ளி உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்வேன். புத்தகத்தைத் திற, படத்தைப் பார், தலைப்பை எழுது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மூன்றாவது யார் காதிலும் ஏறாது. அப்புறம் ஆளாளுக்கு "டீச்சர், என்ன எழுதணும்?" என்று எழுந்து நிற்பார்கள்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்புகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்டதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெளிவு கிடைத்தது. தப்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து, ஒழுங்காக நடக்கும் வகுப்பையும் நடக்காத வகுப்பையும் அவரால் பிரிக்க முடியவில்லை. வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால் இருந்தது: முதுகிலும் கண் இருப்பதுபோல எல்லாவற்றையும் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் கொண்டுபோவது, இரண்டு விஷயங்களை ஒரே சமயத்தில் பார்த்துக்கொள்வது. யார் அதிகம் கத்துகிறார், யார் பிரம்பைக் காட்டுகிறார் என்று ஸ்டாஃப் ரூமில் நடக்கும் பேச்சையெல்லாம் இதைப் படித்த பிறகு என்னால் ஏற்க முடிவதில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் ஸ்கேலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருப்பான். பாடத்தை நிறுத்தாமல், அவன் பெயரையும் சொல்லாமல், பேசிக்கொண்டே அவன் பக்கத்தில் போய் நின்று அவன் நோட்டில் விரலை வைப்பேன். தட்டுவது நின்றுவிடும், பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஒரு நாள் பெல் அடித்ததும் கூப்பிட்டு ஏன் தட்டுகிறாய் என்று கேட்டேன். "எழுதி முடிச்சிட்டேன் டீச்சர், அதுக்கப்புறம் என்ன பண்றது?" என்றான். கேட்டதில் நியாயம் இருக்கிறது. அன்றிலிருந்து போர்டின் வலது மூலையில் சீக்கிரம் முடிப்பவர்களுக்கென்று கொஞ்சம் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கும். ஸ்கேல் இப்போது பெட்டிக்குள்தான் இருக்கிறது.

* * *

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. பக்கத்தில் போய் நிற்பது பெரிய பிள்ளைகளிடமும் எடுபடும், ஆனால் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்பேன். அந்த வயதில் கூட்டாளிகள் முன்னால் மானம் போவதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஒரு பையன் வகுப்பே கேட்கும்படி "நான் போட மாட்டேன்" என்றான். அத்தனை பேரும் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "சரி, முதல் கணக்கை மட்டும் ஆரம்பிச்சு வை, அஞ்சு நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அந்தப் பக்க வரிசைக்குப் போய்விட்டேன். அப்படி நகர்ந்து போனதுதான் இதில் முக்கியம். அங்கேயே நின்று முறைத்திருந்தால் அவன் ஒன்று எல்லார் முன்னாலும் பணிய வேண்டும், இல்லையென்றால் எதிர்த்துப் பேச வேண்டும், மூன்றாவது வழியே கிடையாது. திரும்பி வந்தபோது பாதி போட்டிருந்தான், இரண்டாவது வரியில் மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் காட்டினேன், முன்பு பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. சாயந்திரம் வராந்தாவில் தனியாகப் பேசினோம். காலையில் வீட்டில் நடந்ததைச் சொன்னான், அதை இங்கே எழுத வேண்டாம். "இனிமே முடியலைன்னா மெதுவா வந்து சொல்லு, கத்திச் சொல்லாதே" என்றேன், தலையாட்டினான்.

"வெளியே போ" என்று நான் சொல்வதே இல்லை. கணக்கு வராத பிள்ளைக்கு அது தண்டனையா, விடுமுறை மாதிரி அல்லவா? அதேபோல நாலு பேர் பேசியதற்கு வகுப்பையே நிற்க வைப்பதும் கூடாது, ஒழுங்காக உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது அநியாயம். அடுத்த முறை அதுவும் பேசும்.

* * *

சின்னப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து நான். சத்தத்தை எப்படி அடக்குவது என்றே எல்லாரும் பேசுகிறோம், ஆனால் கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம்? மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் பாடங்களைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி கூடச் சரியாகப் பொறுக்காமல் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள் அல்லது தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது. பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

நான் முதலில் கேள்வியைச் சொல்வேன், மனதுக்குள் எண்ணுவேன், கடைசியில்தான் பெயர் சொல்வேன். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லாரும் தப்பித்தோம் என்று ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வாயே திறக்காத ஒரு குழந்தை, இப்படிக் காத்திருந்தபோது "விதைக்கு மேல் எது கீழ் எதுன்னு எப்படித் தெரியும் மிஸ்?" என்று திருப்பிக் கேட்டது! மீதி பீரியட் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம். அவரை விதையைத் தலைகீழாக நட்டு வைத்திருக்கிறோம், தினமும் காலையில் வந்ததும் எல்லாரும் முதலில் ஓடுவது அங்கேதான்.

* * *

முதலில் எழுதிய எட்டாம் வகுப்பு டீச்சர்தான். பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடரை விட்டு போர்டில் எழுத வைக்கும் பழக்கத்தை என்ன செய்வது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். நான் அதை நிறுத்திவிட்டேன். லீடரின் நண்பர்கள் பெயர் ஒருநாளும் வராது, பிடிக்காதவன் பெயர் தினமும் வரும், பாவம் அந்த லீடருக்கும் வீண் பகை. நான் வரத் தாமதமானால் போர்டில் கேள்வி எழுதுவதும் நோட்டுகளை வாங்கி அடுக்குவதும்தான் இப்போது லீடர் வேலை, வாரத்துக்கு ஒருவர், பெயர் வரிசைப்படி எல்லாருக்கும் வரும்.