பெயர் பண்ணைக்குச் சொந்தம்

வாட்ஸ்அப் குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

சுமதி: எல்லாருக்கும் வணக்கம். என் ஜெர்மன் மாமியாருடைய வம்சாவளியைத் தேடுவதில் ஆறு மாதமாக முட்டிக்கொண்டு நின்ற இடம் நேற்று ராத்திரி திறந்துவிட்டது. சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

கார்த்தி: அக்கா, உங்க மாமியார் வீட்டு ஷுல்ட்டே விஷயமா?

சுமதி: அதேதான்டா. மாமியாருடைய அம்மா வழியில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் ஷுல்ட்டே. 1829இல் பிறந்த பையன் வரைக்கும் தடையில்லாமல் போய்விட்டேன். அவனுடைய அப்பா பிறந்த பதிவைத் தேடினால், சுற்று வட்டாரத்தில் அந்தப் பெயரில் ஆளே இல்லை.

பெரியப்பா: 1829ஆ! அவ்வளவு பழைய பதிவை யாரம்மா வைத்திருக்கிறார்கள்? நம் ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி ஏதாவது உண்டா?

சுமதி: அரசாங்கப் பதிவு, அப்போது ஜெர்மனியின் பெரிய பகுதியாக இருந்த பிரஷ்யாவில் 1874 அக்டோபரில்தான் வந்தது பெரியப்பா. ஜெர்மனி முழுக்க 1876. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுதான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பங்குச் சாமியார் எழுதி வைத்தார். இந்தக் குடும்பம் இருந்த ம்யூன்ஸ்டர் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பழைய ஏடுகளை மாட்ரிகுலா என்ற இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். புராட்டஸ்டன்ட் குடும்பம் என்றால் ஆர்கியோன் என்ற தளம். அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

விஜயா அத்தை: நீ அன்றைக்கு அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருந்தது. அதை எப்படிம்மா படிக்கிறாய்?

சுமதி: அது குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து அத்தை. 1941இல் பள்ளிகளில் நிறுத்திவிட்டார்கள், என் மாமியாருக்கே படிக்க வராது. சின்ன 'ஈ'யும் சின்ன 'என்'னும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு, அவ்வளவுதான். 'யூ' மட்டும் தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவோடு நிற்கும், 'என்' என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. முதல் ஒரு மாதம் நானே பேனா வைத்து எழுதி எழுதிப் பழகினேன். கை பழகினால்தான் கண் பழகுகிறது.

கார்த்தி: சரி, புதிர் எப்படி அவிழ்ந்தது? அதைச் சொல்லுங்க.

சுமதி: 1827 கல்யாணப் பதிவு ஒன்றில் மாப்பிள்ளை பெயர் யோஹான் ஹெர்மன் நீமான். அதன் பின்னால் சின்னதாக இரண்டு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் ஷுல்ட்டே. நீமான் என்று பார்த்ததுமே இது வேறு யாரோ என்று போன மாசியிலேயே தள்ளிவிட்டேன். நேற்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே ஜெர்மனியில் இருக்கும் வம்சாவளி ஆர்வலர் குழுவில் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒரு பெரியவர் பதில் போட்டார். அது 'கெனான்ட்' என்பதன் சுருக்கமாம். 'என்று அழைக்கப்படும்' என்று அர்த்தம். ஷுல்ட்டே என்று அழைக்கப்படும் நீமான்!

விஜயா அத்தை: வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனாரா?

சுமதி: அத்தை, நீங்கள் ஒரே வரியில் பிடித்துவிட்டீர்கள்! ம்யூன்ஸ்டர் இருக்கும் வெஸ்ட்ஃபாலியா பக்கம் அந்தக் காலத்தில் பெயர் ஆளுக்குச் சொந்தம் இல்லை, பண்ணைக்குச் சொந்தம். வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பண்ணைக்குப் போகிறவர் பண்ணைப் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொள்வார். பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு குடும்பப் பெயரோடு இருந்ததுகூட உண்டு.

பெரியப்பா: நம் பக்கமும் வீட்டுப் பெயர் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவோம். ஆனால் மாப்பிள்ளைக்கு இனிஷியல் மாறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சுமதி: அதனால்தான் எனக்கும் தோன்றவே இல்லை பெரியப்பா. பக்கத்துப் பங்கின் ஞானஸ்நான ஏட்டில் நீமான் என்று தேடினேன். 1798, யோஹான் ஹெர்மன், அப்பா அம்மா பெயரோடு அப்படியே இருக்கிறார். அவருக்கு மூன்று மாதம் முன்னால், அதே வீட்டில் அதே பெயரில் ஒரு குழந்தையின் அடக்கம்.

கார்த்தி: அதெப்படி? அதே பெயரிலா?

சுமதி: முந்தின குழந்தை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பது அந்தக் காலத்தில் இங்கே சகஜம். முதலில் கண்ணில் படும் ஞானஸ்நானப் பதிவோடு நிறுத்திவிட்டால் தப்பான ஆளைப் பிடித்துவிடுவோம், அடக்க ஏட்டையும் பார்த்தே ஆக வேண்டும். மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றுமே பேசவில்லை, திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஜயா அத்தை: பாவம், அந்தத் தாய்.

கார்த்தி: இதையெல்லாம் எழுதி எங்கேயாவது போடுவீங்களா?

சுமதி: போட்டே ஆகணும். யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்ததால்தானே எனக்குக் கிடைத்தது. கம்ப்ஜென் என்று ஒரு ஜெர்மன் வம்சாவளிச் சங்கம், 1989இல் தொடங்கியது. ஊர் ஊராகக் குடும்ப நூல்களைத் தொகுத்து இணையத்தில் வைக்கிறார்கள். நான் படித்தெடுத்த ஞானஸ்நானப் பதிவுகளை அந்தப் பெரியவர் மூலமாகக் கொடுக்கப் போகிறேன். உயிரோடு இருப்பவர்கள் விவரம் ஒன்றுகூடச் சேர்க்க மாட்டேன். இங்கே அரசுப் பிறப்புப் பதிவையே 110 வருடம் கழித்துத்தான் பொதுவில் திறப்பார்கள்.

பெரியப்பா: அந்தப் பண்ணை இன்னும் இருக்கிறதா அம்மா?

சுமதி: இருக்கிறது, இப்போது வேறு குடும்பம். போனில் கேட்டேன், வரச் சொன்னார்கள். சனிக்கிழமை மாமியாரைக் கூட்டிப் போகிறேன். அந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் பெரிய வாசலின் உத்தரத்தில் கணவன் மனைவி பெயரையும் வீடு கட்டிய வருடத்தையும் செதுக்கியிருப்பார்கள்.

விஜயா அத்தை: பெண்ணின் பெயரையுமா?

சுமதி: ஆமாம் அத்தை, அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு. நம் யோஹான் ஹெர்மன் கட்டிக்கொண்ட வாரிசுப் பெண் அன்னா கெர்ட்ரூட்.

விஜயா அத்தை: உத்தரத்தைப் படம் எடுத்து எனக்கு முதலில் அனுப்பு.