வொயிட் சாக்ஸ் ட்ரேடு கண்றாவி, இங்க யாராச்சும் பேஸ்பால் பாக்குறீங்களா?

தண்டையார்பேட்டை நைட்ஷிஃப்ட்:
சிகாகோல சாயங்காலம் 6:40னா இங்க விடிகாலை 5:10, ஷிஃப்ட் முடிச்சு கேப்ல வரும்போதே மொபைல்ல பாப்பேன். வொயிட் சாக்ஸ்ன்ற சிகாகோ டீம் ஃபேன்பா, சிரிக்காதீங்க. 2024ல 162 மேட்ச்ல 121 தோத்தானுங்க, அத கூட வுட்றலாம், ஆனா 2016ல ஜேம்ஸ் ஷீல்ட்ஸுனு 34 வயசு பிட்சருக்காக (பந்து வீசுறவன்) 17 வயசு பையன் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர சான் டியாகோவுக்கு தூக்கி குடுத்தானுங்க பாரு, அவன் அங்க போயி ஸ்டார் ஆயிட்டான். இன்னா கணக்குல குடுத்தானுங்க?

காசிமேடு கபாலி:
தலீவா அந்த வருசம் மொத 33 மேட்ச்ல 23 ஜெயிச்சானுங்க, அந்த ஆசை. அப்பால சறுக்குனதும் பதட்டத்துல வாங்கிட்டானுங்க. எங்க மீன் ஏலத்துல செவுள தூக்கி செவப்பா இருக்கானு பாக்காம கூடைய எடுத்துட்டு வூட்ல போய் மோந்து பாக்குற கேஸு.

ராயபுரம் மஞ்சசட்ட:
பேஸ்பால்லாம் தெரியாது ஜி. 2025ல சிஎஸ்கே 14ல 4 ஜெயிச்சு மொத தடவ கடைசி எடம், அப்பறம் ஜடேஜாவயும் சாம் கரனயும் ராஜஸ்தானுக்கு குடுத்துட்டு சஞ்சு சாம்சன எடுத்தாங்க, எங்க டீக்கடைல ரெண்டு நாள் ஒரே பஞ்சாயத்து, எங்க சித்தப்பா இன்னும் ஜடேஜா பேர் போட்ட சட்டய தான் மாட்டிகினு சுத்துறாரு.

தண்டையார்பேட்டை நைட்ஷிஃப்ட்:
@கபாலி கரெக்டு. 2014ல மார்கஸ் செமியன்ற ப்ளேயரயும் இப்டி தான் ஓக்லாண்டுக்கு தள்ளி வுட்டானுங்க, அத நெனச்சா இன்னும் காண்டாவுது.